இருபத்து நாலு கிலோ

சூடாமணிக்கு உட்கார வராது. நடக்கச் சொன்னால் நடப்பான், நிற்கச் சொன்னால் நிற்பான், உட்காரச் சொன்னால் மட்டும் உடம்பு கேட்காது. சின்னப் பையனாகத் தறிக்குழியில் இறக்கிவிட்டபோது மிதிகட்டையை மிதித்த நேரத்தைவிட எழுந்து வாசலை எட்டிப் பார்த்த நேரம் அதிகம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்வது மற்றப் பையன்களுக்குத் தண்டனை. இவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக ஏறுவான்.

வளர்ந்த பிறகும் அந்தக் கால் அடங்கவில்லை. சாயப்பட்டறையில் சேர்த்துவிட்டார்கள்; நூல் சாயத்தில் ஊறுகிறவரை அவனால் பொறுக்க முடியவில்லை. ஜவுளிக்கடையில் சேர்த்துவிட்டார்கள், வந்தவர்கள் சேலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மடிக்க ஆரம்பித்துவிடுவான். கடைசியில் கீழமாசி வீதிப் பக்கம் தராசு பழுது பார்க்கும் கடை ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டான். அந்த வேலையில் ஓரிடத்தில் இருக்க வேண்டியதில்லை. சைக்கிள் காரியரில் இரும்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெங்காய மண்டி, பருத்திக் கிடங்கு, அரிசி ஆலை, லாரி எடை மேடை என்று சுற்றிக்கொண்டே இருக்கலாம். சில வருடங்களில் சொந்தமாக லைசென்ஸ் வாங்கினான். சூடாமணி கை வைத்த தராசு என்றால் முத்திரை போட வருகிற அதிகாரி அதிகம் நோண்டுவதில்லை என்று மண்டிக்காரர்களே சொல்வார்கள். இது வீட்டு ஆட்கள் கட்டிவிட்ட பேச்சில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தராசுத் தண்டு மேலும் கீழும் ஆடி, ஆட்டம் குறைந்து, நடுவில் வந்து நிற்கும் அல்லவா, அந்த நேரத்தில் மட்டும் சூடாமணியின் கால் ஆடாது. மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவான்.

எண்பத்தொன்றாம் வருடம் பங்குனி மாதம் அவனைக் கார் பந்தயத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் பத்ரிநாத். நூல் வியாபாரி, மோட்டார் கிளப்பின் செயலாளர், சூடாமணிக்குத் தூரத்து உறவு. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று சும்மா கிடந்தது. ஆடு மேய்கிற அந்தச் சிமெண்டுத் தளத்தில் கார்களை ஓடவிடக் கிளப்புக்கு அனுமதி கிடைத்திருந்தது.

"சூடா, நீ கல்யாணப் பந்தியிலேயே இலை போட்டதும் எந்திரிச்சு நிக்கிற ஆளு. ஒரு நாள் பூரா ஒரே இடத்துல நிப்பியா?" என்று கேட்டார் பத்ரிநாத்.

"நிப்பேன் மாமா. உக்காரச் சொல்லாதீங்க. என்ன வேலை?"

"எடை போடணும். காரை."

சூடாமணி சிரித்துவிட்டான். கத்தரிக்காயை எடை போடலாம், பருத்திப் பொதியை எடை போடலாம். ஓடி ஜெயித்த காரை எதற்கு எடை போடுவது?

பத்ரிநாத் விளக்கினார். வண்டி எவ்வளவு இலேசோ அவ்வளவு வேகம். அதனால் பந்தயக்காரர்கள் கதவைக் கழற்றுவார்கள், கூரையை வெட்டுவார்கள், தரைத் தகட்டில் ஓட்டை ஓட்டையாகப் போடுவார்கள். விட்டால் கடைசியில் நாலு சக்கரமும் ஒரு எஞ்சினும்தான் மிஞ்சும். கவிழ்ந்தால் உள்ளே இருப்பவன் மிஞ்ச மாட்டான். ஆகவே இந்த வகுப்புக்கு அறுநூறு கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்புக்குக் கீழே போகிற வண்டிக்காரன் இரும்போ மணலோ ஏற்றிக் கட்டி, ஈயமுத்திரை வாங்கி, அதோடுதான் ஓட வேண்டும்.

"ஓடுறதுக்கு முன்னாடி போட்டுப் பாத்தா ஆச்சே."

"முன்னாடி போட்டா, போட்டுட்டு வழியில இறக்கிருவானுக. ஓடி முடிச்சு, மொத மூணு வண்டியையும் நேரா கயிறு கட்டின வளையத்துக்குள்ள கொண்டாந்துருவோம். உள்ள வந்தபிறகு ஓட்டுனவனே ஆனாலும் வண்டியத் தொடக்கூடாது. பெட்ரோலை இறக்கிட்டு நீ எடை போடுவ. குறைஞ்சா வண்டி வெளியே."

"எம்புட்டுக் குறைஞ்சா?"

"எம்புட்டுன்னு கிடையாது. குறைஞ்சா."

பருத்திப் பொதி நிறுக்கிற பெரிய மேடைத் தராசு ஒன்றை ஒரு கிடங்கிலிருந்து வாடகைக்கு எடுத்தார்கள். காரின் இரண்டு முன்சக்கரமும் ஒருசேர நிற்கிற அகலம் அதற்கு இருந்தது. முன்சக்கரங்களை ஏற்றி ஒரு எடை, பின்சக்கரங்களை ஏற்றி ஒரு எடை, இரண்டையும் கூட்டினால் மொத்தம். சூடாமணி தராசைப் பிரித்து, துடைத்து, தண்டு தாங்கி ஆடுகிற கத்தி முனைகளுக்கு எண்ணெய் தொட்டு வைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடுபாதையோரம் சிமெண்டுத் தளத்தில் அதை இறக்கி, நான்கு பக்கமும் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். மட்டம் சுத்தமாக இருந்தது. தராசு மேடை தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கார் ஏறுவதற்கு இரண்டு பலகைகளைச் சாய்த்துப் போட்டான். மண்டியில் எப்படிப் போடுவார்களோ அப்படித்தான்.

அன்றைக்கு ஜெயித்தவன் முத்துக்கருப்பன்.

செக்கானூரணியில் லாரிப் பட்டறை வைத்திருந்தான். உடைத்துப் பழைய இரும்பாக விற்கிற ஆக்கர் கடைக்குப் போக இருந்த பழைய ஹெரால்டு காரை வாங்கி, ஒரு வருடமாக அதை அறுத்தும் ஒட்டியும் அவனே உருவாக்கியிருந்தான். கோயம்புத்தூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்த கார்கள் பளபளவென்று நின்ற இடத்தில் இவன் கார் மட்டும் லாரிக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டில் நின்றது. அவன் ஊர்க்காரர்கள் இரண்டு லாரி நிறைய வந்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் பச்சைக் கார் முன்னால் வந்தபோது அவன் மனைவி ஒச்சாயி போட்ட குலவையை மற்றப் பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். பொட்டல் முழுக்கக் கேட்டது.

கயிற்று வளையத்துக்குள் கார் வருவதற்குள் முத்துக்கருப்பனின் மச்சினன் மொக்கையன் ஓடிவந்து பானெட்டின் மேல் ஒரு ஆளுயர ரோஜா மாலையைச் சாத்திவிட்டான். சூடாமணி அதை எடுத்துக் கயிற்றுக்கு வெளியே கொடுத்தான்.

"சாமிக்குப் போட்ட மாலை மாதிரி இருக்கட்டும்ணே," என்றான் மொக்கையன்.

"மாலையும் எடைதான் தம்பி."

முதலில் மூன்றாவது வந்த காரையும் அடுத்து இரண்டாவது வந்த காரையும் நிறுத்தார்கள். இரண்டுமே அறுநூறுக்கு மேல் தாராளமாக இருந்தன. பிறகு பச்சைக் கார். கிளப் ஆட்கள் நாலு பேர் தள்ளி ஏற்றினார்கள். முன்பக்கம் முந்நூற்று இருபத்திரண்டு. திருப்பி ஏற்றினார்கள். பின்பக்கம் இருநூற்று ஐம்பத்து நாலு.

சூடாமணி கூட்டினான். மறுபடி கூட்டினான். பத்ரிநாத்திடம் தாழ்ந்த குரலில் சொன்னான். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"ஐநூத்தி எழுபத்தாறு. இருபத்து நாலு கிலோ கம்மி," என்று கயிற்றுக்கு வெளியே நின்ற முத்துக்கருப்பனிடம் அவரே சொன்னார்.

மொக்கையன்தான் முதலில் வாய் திறந்தான்.

"அப்ப அந்த மாலையத் திரும்பப் போடுறேன். இன்னும் பத்து மாலை வாங்கியாரேன், சரியாப் போகும்."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து யாரோ, "செக்கானூரணி ஆளுன்னா சும்மாவா? இருபத்து நாலு கிலோவ ஓடுற வண்டியிலேயே காணாமப் போக்கிருக்கான்," என்று சொல்ல, அந்தப் பக்கம் மட்டும் சிரிப்பு எழுந்தது. முத்துக்கருப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அண்ணே," என்று முத்துக்கருப்பன் சூடாமணியைத்தான் கூப்பிட்டான். "வெள்ளிக்கிழமை சாயந்தரம் திருமங்கலம் ரோட்டு எடை மேடையில ஏத்திப் பாத்துட்டுத்தான் வந்தேன். பெட்ரோல் இல்லாம அறுநூத்தி அஞ்சு. ரெண்டு மூட்டை மணலும் கட்டி, அதுக்கு முத்திரையும் வாங்கியிருக்கேன். கட்டு அவுக்கல, முத்திரை அப்படியே இருக்கு. நீங்களே பாருங்க. தோத்தா தோத்துட்டுப் போறேன். களவாண்டுட்டேன்னு எங்க ஆளுக முன்னாடி சொல்லாதீங்க."

சூடாமணி குனிந்து பார்த்தான். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு மூட்டைகள் இரும்புப் பட்டை போட்டு இறுக்கப்பட்டிருந்தன. ஈயமுத்திரை உடையவில்லை.

அங்கேதான் அவனுக்கு நிலைகொள்ளாமல் போயிற்று. திருமங்கலம் ரோட்டு எடை மேடை அவன் போன மாதம் பழுது பார்த்தது. இங்கே நிற்கிற தராசும் அவன் பழுது பார்த்தது. ஒன்று அறுநூற்று ஐந்து என்கிறது, ஒன்று ஐநூற்று எழுபத்தாறு என்கிறது. இரண்டும் அவன் கை. ஒரு கை பொய் சொல்கிறது.

வண்டியை இறக்கச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து முத்திரை போட்ட இரும்புக் கற்களை எடுத்து மேடையில் அடுக்கினான். நடுவில் வைத்தான், சரியாக இருந்தது. ஒவ்வொரு மூலையாக நகர்த்தினான், சரியாக இருந்தது. தானே ஏறி நின்றான். போன வாரம் எவ்வளவு இருந்தானோ அவ்வளவே இருந்தான்.

"தராசு சரியா இருக்குல்ல?" என்றார் பத்ரிநாத்.

"தராசு சரியா இருக்கு."

"அப்ப முடிஞ்சது."

"இல்ல மாமா."

"என்ன இல்ல? பரிசு குடுக்க வந்தவரு மேடையில உக்காந்துட்டாரு. பொழுது சாயறதுக்குள்ள இவங்களையெல்லாம் இங்கிருந்து அனுப்பணும். தராசு சரின்னு நீயே சொல்ற. அப்புறம் நானா வந்து சரியில்லன்னு சொல்ல முடியும்?"

சூடாமணி இரும்புக் கற்களைப் பெட்டியில் போட்டான். தராசைச் சுற்றி நடந்தான். காரைச் சுற்றி நடந்தான். பலகையைத் தூக்கிப் பார்த்தான், அடியில் கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று. எதுவும் இல்லை. தண்டில் நகரும் குண்டைக் கழற்றி மாட்டினான். டிபன் கேரியரை எடுத்தான், திறக்காமல் வைத்தான். காலையில் அக்கா ரங்கநாயகி கட்டிக்கொடுத்த புளியோதரை அதில் அப்படியே இருந்தது. ஒரு இடத்தில் நிற்பேன் என்று வாக்குக் கொடுத்தவன் அந்தச் சிமெண்டுத் தளத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கயிற்றுக்கு வெளியே முத்துக்கருப்பன் கல்தூண் மாதிரி நின்றான். அவனுடைய ஆட்கள் ஒவ்வொருவராக லாரிப் பக்கம் நகர்ந்தார்கள். ஏறாமல் லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னொரு தடவை ஏத்துங்க," என்றான் சூடாமணி.

நாலு பேரும் முனகிக்கொண்டே தள்ளினார்கள். முன்சக்கரங்கள் பலகை ஏறி மேடைக்கு வந்தன. முன்னால் ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்த இரண்டு பேர் ஏதோ சினிமாக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னால் முட்டுக்கொடுத்த இரண்டு பேருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

கயிற்றுக்கு வெளியிலிருந்து மொக்கையன் சொன்னான்: "முன்ன நிக்கிறவன் வெத்தலை போடுறான். பின்ன நிக்கிறவன் உசிரு போகுது. பாத்துப் புடிங்கய்யா, எங்க கார் கம்மி எடைதான், சும்மா தூக்கிரலாம்."

சூடாமணி நின்றான்.

அக்கா வில்லாபுரத்தில் மாடி வீட்டுக்குக் குடிபோன அன்று இரும்பு பீரோவைப் படியேற்றியது அவனுக்கு நினைவு வந்தது. மேல் முனையை அக்கா வீட்டுக்காரர் பிடித்தார், கீழ் முனையை இவன் பிடித்தான். அவர் படிக்குப் படி நின்று, புதுவீட்டில் தண்ணீர் எந்த நேரம் வரும், காற்று எந்தப் பக்கம் வரும் என்று விவரம் சொல்லிக்கொண்டே ஏறினார். இவனுக்கு வாய் திறக்க மூச்சில்லை. பீரோ ஒன்றுதான். தூக்கினவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் சாய்ந்த மாத்திரத்தில் பாரம் பூராவும் கீழே நிற்கிறவன் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

அவன் கார் பக்கம் பார்த்தான். முன்சக்கரம் மேடை மேல். பின்சக்கரம் தரையில். நடுவில் ஒரு சாண் சாய்வு.

"மாமா, இங்க வாங்க. முன்பக்கம் ஏத்துறப்போ வண்டி பின்னாடி சாயுது. அப்ப முன்பக்கப் பாரத்துல கொஞ்சம் பின்னாடி போயிருதா? அது தரைக்குப் போகுது, தராசுக்கு வரல. பிறகு பின்பக்கம் ஏத்துறோம். அப்ப முன்னாடி சாயுது. பின்பக்கப் பாரத்துல கொஞ்சம் முன்னாடி போயிருது. அதுவும் தரைக்குத்தான் போகுது. ரெண்டு தடவையும் தராசுக்குக் கம்மியாத்தான் வரும்."

"மண்டியில இத்தனை நாளா நிறுக்கிறியே?"

"மூட்டை முழுசா மேல ஏறிரும் மாமா. இது பாதி மேல, பாதி கீழ நிக்குது."

பத்ரிநாத் சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் வரி வரியாகத் தேடினார். தேடி எடுத்த இடத்தை இரண்டு தடவை படித்தார்.

"போட்டிருக்கான்யா. நாலு சக்கரமும் ஒரே மட்டத்துல இருக்கணும்னு. நானும் படிச்சேன். விமானம் இறங்குற தளம், இதவிட மட்டம் எங்க இருக்குன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"நானும் ரசமட்டம் வெச்சேன். தராசுக்குத்தான் வெச்சேன். காருக்கு வெக்கல," என்றான் சூடாமணி.

பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஏதாவது வேண்டும். அந்தப் பொட்டலில் செங்கல் கிடையாது. பரிசு மேடையைத்தான் ரயில்வே சிலிப்பர் கட்டைகளின் மேல் போட்டிருந்தார்கள். மேடையில் உட்கார்ந்திருந்த விருந்தாளியிடம் பத்ரிநாத் ஏதோ சொல்லி அவரை நாற்காலியோடு கீழே இறக்கினார். கட்டைகளை உருவ ஆள் போதவில்லை. முத்துக்கருப்பனின் ஆட்கள் லாரியை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"காரைத்தான் தொடக்கூடாது. கட்டையத் தொடலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே மொக்கையன் ஒரு கட்டையைத் தோளில் ஏற்றினான்.

கட்டைகளை அடுக்கி, பின்சக்கரத்தை அதன்மேல் நிறுத்தி, ரசமட்டத்தைக் காரின் தரைச் சட்டத்தில் வைத்தான் சூடாமணி. குமிழி நடுவுக்கு வருகிறவரை சின்னச் சின்னப் பலகைத் துண்டுகளைச் செருகினான். பிறகு குண்டை நகர்த்தினான். தண்டு எழும்பி, தாழ்ந்து, நின்றது.

"முந்நூத்தி முப்பத்து மூணு."

பதினொரு கிலோ கூடியிருந்தது. ஒச்சாயி குலவைக்கு வாயருகே கையைக் கொண்டுபோனாள். முத்துக்கருப்பன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான்.

பின்பக்கத்தை மேடையில் ஏற்றி, முன்சக்கரத்தைக் கட்டைமேல் வைத்து, மறுபடியும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தான். கரிசல் காட்டின் அனல்காற்று கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தது. சூடாமணி தன் உடம்பால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றான்.

"இருநூத்தி அறுபத்தஞ்சு."

கூட்டிப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கூட்டினான். ஐநூற்று தொண்ணூற்று எட்டு.

இரண்டு கிலோ.

பத்ரிநாத் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "கட்டை இன்னும் ஒரு விரற்கடை ஏறணுமோ?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது நல்ல மனதோடுதான்.

சூடாமணி ரசமட்டத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தான். அவர் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் இருந்தது. மறுபடி நிறுத்தார்கள். அதே இரண்டு கிலோ.

"ஆனா அறுநூத்தி அஞ்சு இருந்துச்சுண்ணே," என்றான் முத்துக்கருப்பன். குரலில் சண்டை இல்லை. "அந்த எடை மேடையும் சரிதானே? நீங்கதானே பாத்தது?"

"அதுவும் சரிதான்." சூடாமணியின் கண் மூட்டைகள் மேல் போனது. "இந்த மணல் எங்க அள்ளினது?"

"வைகையில. வெள்ளிக்கிழமை மத்தியானம்."

"ஈரமா இருந்துச்சா?"

"ஊத்துப் பக்கம் தோண்டுனது. தண்ணி சொட்டச் சொட்டத்தான் சாக்குல கட்டினோம். ஈரமா இருந்தாத்தானே கனம்னு…"

பத்ரிநாத் தலையசைத்ததும் சூடாமணி சாக்கின் தையலை விரலால் விலக்கி உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்தான். கோலமாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. வெள்ளி மாலையிலிருந்து இரண்டு நாள் பங்குனி வெயில், எஞ்சின் சூடு, ஓட்டைத் தரை வழியே அடித்த காற்று எல்லாம் சேர்ந்து ஏழு கிலோ ஈரத்தைக் குடித்திருந்தன.

மொக்கையன் கழுத்தை நீட்டி அந்த மணலைப் பார்த்தான். "வைகையில தண்ணி இல்லன்னு ஊரே புலம்புது. இருந்ததையும் நாமதான் மச்சான் அள்ளிட்டு வந்து இங்க காயப் போட்டிருக்கோம்."

இப்போது சிரித்தது முத்துக்கருப்பனின் ஆட்கள்தான். அவனும் சிரித்தான். சிரிப்பு முடிந்ததும் சூடாமணியைப் பார்த்துக் கேட்டான்.

"ரெண்டு கிலோவும் கம்மிதானே?"

"கம்மிதான்."

"பரிசு கிடையாது."

"கிடையாது."

"சரி. ஆனா இருபத்து நாலுன்னா அது களவு. ரெண்டுன்னா அது எங்க மடத்தனம். எதுன்னு மைக்குல சொல்லிருங்க. அந்தா, பின்னாடி நின்னு சிரிச்சாம் பாருங்க, அவனுக்குக் கேக்கணும்."

பத்ரிநாத் தயங்கினார். ஜெயித்த வண்டி தகுதியிழந்தது என்று ஒரே வரியில் அறிவித்துவிடத்தான் அவர் நினைத்திருந்தார். கிளப்பின் முதல் பந்தயம். எடை போட்டதிலேயே தப்பு நடந்தது என்று ஒலிபெருக்கியில் சொன்னால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? சூடாமணி அவர் முடிவு செய்கிறவரை நிற்கவில்லை. அவனால் எப்போதுதான் பொறுக்க முடிந்தது? நேராகப் போய் மைக்கைப் பிடித்தான்.

அதற்கு முன் அவன் மைக்கில் பேசியதில்லை. இரண்டு தடவை செருமிக்கொண்டான்.

"எடை போட்டது நான். என் பேரு சூடாமணி. முதல்ல இருபத்து நாலு கிலோ கம்மின்னு வந்துச்சு. அது தப்பு. தராசைத் தரையில வெச்சு, காரைச் சாச்சு நிறுத்தினது என் தப்பு. சரியா நிறுத்திப் போட்டா கம்மி ரெண்டே கிலோ. அந்த ரெண்டு கிலோவும் ஈரமணல் காஞ்சதுல போனது. முத்திரை உடையல. கட்டு அவுக்கல. யாரும் எதையும் எடுக்கல. ரெண்டு கிலோ குறைஞ்சாலும் விதிப்படி வண்டி வெளியேதான். அதனால இரண்டாவது வந்த வண்டி முதல் பரிசு வாங்குது."

பிறகு ஒச்சாயி குலவை போட்டாள். தோற்றவனுக்குக் குலவை போட்டு அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது வந்த கோயம்புத்தூர்க்காரர் பரிசு வாங்க ஏறியபோதும் அது முழுக்க ஓயவில்லை. பாவம், அவர் அது தனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சூடாமணி டிபன் கேரியரைத் திறந்தான். புளியோதரை முத்துக்கருப்பனுக்கும் மொக்கையனுக்கும் போக அவனுக்கு இரண்டு கவளம் கிடைத்தது. உட்காருங்கண்ணே என்று அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள்.

அடுத்த வருடம் பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே சூடாமணி ஓடுபாதைக்குப் போய், தளம் முடிகிற இடத்தில் தராசு அளவுக்குக் குழி வெட்டினான். மேடையின் மேல்மட்டமும் தரையும் ஒன்றாக இருக்கும்படி தராசைக் குழிக்குள் இறக்கினான். சாக்கில் கட்டிய எதையும் எடைக்கு ஏற்க வேண்டாம் என்று பத்ரிநாத்திடம் சொன்னான், அது விதியாயிற்று. பந்தயம் நடந்த அத்தனை வருடங்களிலும் எடை போட்டவன் அவன்தான். கார் பந்தயம் என்றால் ஓட்டுகிறவன் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த வருடங்களில், எடை சரியில்லை என்று ஒருவரும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்ததில்லை.

முத்துக்கருப்பனும் வந்தான். அதே பச்சைக் கார். மணல் இருந்த இடத்தில் தண்டவாளத் துண்டு ஒன்றை நாலு போல்ட் போட்டு முறுக்கியிருந்தான். அந்தத் தடவை அவன் மூன்றாவதாகத்தான் வந்தான். அதனால் என்ன, முதல் மூன்றுக்கும் எடை உண்டு. வளையத்துக்குள் காரை விட்டுவிட்டு இறங்கி, கயிற்றுக்கு வெளியே போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தண்டு ஆடியது. நின்றது.

"அறுநூத்தி நாலு," என்றான் சூடாமணி.

"நல்லாப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்தாச்சு."

"எதுக்கும் இன்னொரு தடவை பாத்துருங்க."

அதை அவனிடம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சூடாமணி அதற்குள் குண்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு காரடியில் குனிந்திருந்தான்.